மூக்குக்கு எது தீர்த்தம்?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் இளைஞர், இன்னொருவர் 51 வயதுப் பெண். வேறு வேறு ஊர்க்காரர்கள். இருவரும் செய்த காரியம் ஒன்றுதான்: மூக்கு கழுவும் சிறிய கெண்டியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூக்கைக் கழுவினார்கள். நெக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபா மூளைக்கு ஏறிவிட்டது. பிறகு இரண்டு வீட்டுத் தண்ணீரிலும் அது இருப்பது தெரிந்தது.

அதே தண்ணீரை அவர்கள் குடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வயிற்றுக்குப் போகும் அந்த அமீபாவால் கெடுதல் இல்லை. மூக்கின் உச்சியில் சல்லடைபோல ஒரு மெல்லிய எலும்பு இருக்கிறது. மோப்ப நரம்புகள் அதன் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. அமீபாவுக்கும் அதுவே பாதை. வாய்க்கு நல்ல தண்ணீர் மூக்குக்கு நஞ்சாக முடியும் என்றால், சுத்தம் என்பது தண்ணீரின் குணமா, அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்ததா? சைனஸ் தொல்லையோடு வெளிநாட்டில் குடித்தனம் நடத்தும் பக்திமான்களுக்கு இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல.

டொரன்டோவில் ஜனவரி மாதம் வெளியே மைனஸ் பத்து டிகிரி. உள்ளே ஹீட்டர் இரவு பகலாக ஓடுகிறது. காற்றில் ஈரமே இல்லை. முதலில் தடிமன் வரும். ஒரு வாரம் கழித்துக் கன்னம் கனக்கும், குனிந்தால் நெற்றியில் இடிக்கும். கன்ன எலும்புக்குள் இருக்கும் பெரிய சைனஸ் அறையின் வடிகால் அடியில் இல்லை, மேலே உச்சியருகில் இருக்கிறது. நிற்கிற மனிதனுக்குச் சளி அங்கிருந்து தானாக இறங்காது. சுவரில் உள்ள நுண்மயிர்கள் அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சளி கெட்டிப்பட்டாலோ சவ்வு வீங்கினாலோ வாசல் அடைபட்டுப்போகும். உப்புத் தண்ணீரால் கழுவும்போது மூக்கில் கெட்டிப்பட்ட சளியும் தூசியும் போய், நுண்மயிர்களுக்கு வேலை சுலபமாகிறது. நாள்பட்ட சைனஸுக்கு மேற்கத்திய மருத்துவர்களும் இதைச் சொல்வது அதனால்தான்.

யோகிகளின் மூக்குச் சுத்திக் கிரியையான நேதிதான் மருந்துக்கடையில் பிளாஸ்டிக் புட்டியாக விற்கிறது என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு, ஆன்மாவை உருவிவிட்டார்களே என்று வருந்துகிறவர்களும் உண்டு. இரு தரப்பும் மூலநூலை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். ஸ்வாத்மாராமர் 15ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹடயோக பிரதீபிகையில் நேதி என்றால் நூல். மூக்கில் விட்டு வாய் வழியாக எடுப்பது. அதுவும் எல்லோருக்கும் அல்ல. கொழுப்பும் கபமும் மிகுந்தவர்கள் பிராணாயாமத்துக்கு முன் செய்ய வேண்டிய சுத்திக் காரியங்கள் நேதி உட்பட ஆறு, மற்றவர்களுக்கு அவை வேண்டாம் என்கிறார். பிராணாயாமமே எல்லா அழுக்கையும் போக்கும், இந்தக் கிரியைகள் தேவையில்லை என்று சில ஆசாரியர்கள் கருதுவதையும் மறைக்காமல் பதிவு செய்கிறார். கிட்டத்தட்ட ஒரு வைத்தியரின் பேச்சு. அந்தக் கணக்கில் பார்த்தால் பிளாஸ்டிக் புட்டி அப்படியொன்றும் பெரிய வீழ்ச்சி இல்லை.

இஸ்லாத்தில் விஷயம் இன்னும் அன்றாடமானது. தொழுகைக்கு முன் செய்யும் உளூவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்திச் சிந்துவதும் ஒரு பகுதி. நோன்பாளி அல்லாதவர் அதை நன்றாகவே செய்ய வேண்டும் என்பது நபிமொழி. கராச்சியில் 2008 முதல் 2009 வரை 13 பேருக்கு இந்த அமீபா நோய் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் நீச்சலுக்குப் போனவர்கள் அல்ல; அதனால் உளூத் தண்ணீர்மீதுதான் சந்தேகம் விழுந்தது. 2012இல் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் உளூ செய்துவந்த 47 வயதுக்காரர் ஒருவர் இறந்தார்.

தண்ணீர் சுத்தமா என்று பார்க்க இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் வகுத்த அடையாளங்கள் மூன்று: நிறம், சுவை, மணம். அமீபா இந்த மூன்றில் ஒன்றையும் மாற்றுவதில்லை. மார்க்கத்தின் கணக்கில் அந்தத் தண்ணீர் சுத்தமானதே. செய்த உளூவும் செல்லும். ஆய்வுக்கூடம் சொல்வது அதை மறுக்கவில்லை, வேறொன்றைச் சொல்கிறது. ஒன்று இறைவன் முன் நிற்பதற்கான தகுதி, மற்றது நரம்பின் வாசலில் எதை விடலாம் என்ற கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால்தான் 'சுத்தமான தண்ணீர் எப்படிக் கெடுக்கும்?' என்ற வீண் சண்டை வருகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினால் அதன் தூய்மைக்கு எந்தக் குறையும் வராது. இரண்டு பக்கமும் சரியாகிவிடும்.

அமீபா பயம் அளவோடு இருக்கட்டும். அமெரிக்காவில் 1962இலிருந்து பதிவான நோயாளிகள் இருநூறுக்கும் குறைவு. ஆனால் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தக் கணக்கில் ஒரு நிமிடம் கொதிக்க வைப்பது பெரிய சிரமமா? ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்த தண்ணீரை வெதுவெதுப்பாக ஆற்றி, 240 மில்லிக்குக் கால் டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா. கெண்டியைக் கழுவிக் காயவைக்க வேண்டும். சாதாரண வடிகட்டித் தண்ணீர் போதாது.

அடுத்தது தலைக் குளியல். சஷ்டி விரதமும் வெள்ளிக்கிழமையும் வந்தால், தலைவலியோடு படுத்திருக்கும் மருமகளிடம் 'தலைக்கு ஊற்றாமல் விளக்கேற்றுவதா?' என்று கேட்கும் வீடுகள் லண்டனிலும் உண்டு. தலைக்கு ஊற்றினால் சைனஸ் வரும் என்பது மருமகளின் பயம். ஆனால் ஈரத்தலையால் சைனஸ் நோய் வருவதில்லை. பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். மாமியாரின் பிடிவாதம், மருமகளின் பயம் இரண்டுமே கொஞ்சம் மிகைதான். ஆனால் முடியாதவருக்குச் சாஸ்திரமே வழிவிட்டிருக்கிறது. திருநீறு பூசுவது ஆக்னேய ஸ்நானம். மந்திரத்தால், மனத்தால் குளிப்பதும் ஸ்நான வகைகளே. தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்றால் இஸ்லாத்தில் சுத்தமான மண்ணால் செய்யும் தயம்மும் இருக்கிறது. நூல்களே தந்த இந்தச் சலுகைகளைக் குளிர்காலமே பிரதானமான ஊரில் மறந்துவிட்டு, நூலைவிடக் கறாராக நடப்பது என்ன பக்தி?

விரதத்தில் பழகிய பொறுமை மருத்துவர் முன்னால் மட்டும் காணாமல் போவதும் வேடிக்கை. ஊரிலிருந்து வரும் பெட்டியில் ஆன்டிபயாட்டிக் அட்டை இருக்கும். மூன்றாம் நாளே விழுங்கியாகிவிடும். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு சொல்வது வேறு: சாதாரண சைனஸ் தொல்லை இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம்; முதல் பத்து நாளில் பொதுவாக ஆன்டிபயாட்டிக் வேண்டாம். மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்குமேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். பன்னிரண்டு வாரம் தாண்டினால் அது நாள்பட்ட சைனஸ். அதற்குக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம்தான் போக வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி வந்தால் விரதமோ தொழுகையோ முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது; அப்போதே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.