உதவாக்கரைப் பாத்திரங்கள்

தன் பாத்திரம் சோடை என்று தெரிந்தே, அதைச் சோடையாக அமைத்துக்கொண்டு ஆட உட்காருகிறவனைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. வாளை எறிந்துவிட்டு வாணலியால் சண்டை போடும் வீரன், புத்தி மந்தமான மந்திரவாதி, இருட்டைக் கண்டால் நடுங்கும் திருடன் — இப்படிப்பட்டவர்களை உருவாக்குகிறவன் ஆட்டத்தைக் கெடுக்க வந்த விளையாட்டுப்பிள்ளை என்பது ஒன்று. கணக்குப்பிள்ளைகளின் நடுவே அவன் ஒருவனே கலைஞன் என்பது மற்றது. இரண்டுமே யோசிக்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகச் சொல்லப்படுபவை என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்குள் ஒரு தார்மீகப் பிரச்னை இருக்கிறது. அது மேஜையோடு நின்றுவிடுகிற பிரச்னையும் அல்ல.

முதலில் ஆட்டம் பற்றி. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற ஊரிலிருந்து மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டியில் வெளிவந்தன. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன். பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்லி ஆடுகிறார்கள். ஒருவர் மட்டும் நடத்துனர்; உலகமும் பகைவர்களும் அவர் பொறுப்பு. முயற்சி பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அந்த முதல் புத்தகங்களில் பாத்திரத்தின் பலம், புத்தி, விவேகம், தேகக்கட்டு, லாவகம், வசீகரம் ஆகிய ஆறையும் பகடைதான் நிர்ணயித்தது — ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை. உச்சமான 18 விழுவதற்கு 216இல் ஒரு வாய்ப்பு. கடைநிலையான 3 விழுவதற்கும் அதே வாய்ப்பு. விழுந்ததை வைத்துக்கொண்டு ஆட வேண்டியதுதான். விதி என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள இரண்டு அர்த்தங்களும் அங்கே பிரியாமல் இருந்தன. நோஞ்சானாகப் பிறந்த பாத்திரத்துக்காக ஆடுகிறவனைக் குறை சொல்ல எவருக்கும் முகாந்திரம் இல்லை.

பின்னால் வந்த ஆட்டங்களில் பகடை பெருமளவுக்கு விலகிக்கொண்டது. அந்த இடத்தில் தேர்வு வந்து உட்கார்ந்தது. 2000இல் வெளியான மூன்றாம் பதிப்பில் பாத்திரத்தின் தொழில், அதன் கலப்புகள், விசேஷத் திறமைகள் என்று தேர்ந்தெடுக்க ஏராளம் இருந்தது. தேர்வு வந்ததுமே சரியான தேர்வு என்ற ஒன்றும் வந்துவிடுகிறது. அந்த விதிகளை எழுதிய மூவரில் ஒருவரான மான்ட்டி குக், சில தேர்வுகள் மற்றவற்றைவிட மட்டமாக அமைந்தது தற்செயல் அல்ல என்றும், விதிகளைக் கற்றுத் தேர்ந்தவனுக்கு அதன் பலன் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் வடிவமைப்பிலேயே இருந்தது என்றும் பின்னாளில் எழுதினார். திடகாத்திரம் என்று பெயர் சொல்லத்தக்க ஒரு விசேஷத் திறமை அதில் உண்டு. அதன் பயன் 3 உயிர்ப்புள்ளிகள், அவ்வளவுதான். பெயரில் மயங்கிப் புதியவன் அதை எடுத்துக்கொள்வான். பழகியவன் தாண்டிப் போய்விடுவான்.

இனி மூன்றாவதாக ஒருவனைக் கற்பித்துக்கொள்ளலாம். அது மட்டம் என்று நன்றாகத் தெரிந்து, தன் பாத்திரமான கிழட்டுச் சமையற்காரனுக்கு அதுதான் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறவன். காகிதத்தில் இவனுக்கும் புதியவனுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது; இருவருக்கும் அதே 3 புள்ளி. ஆனால் புதியவன் ஏமாந்தவன், இவன் தேர்ந்தவன். புத்திசாலியான இரண்டாமவனைக்கூட முழுமையாகத் தேர்ந்தவன் என்று சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எது மிகச் சிறந்தது என்று கணக்கு முடிவாகச் சொல்லிவிடும்போது, அதன்படி கையை நீட்டுகிறவன் செய்வதற்குத் தேர்வு என்ற பெயர் எதற்கு? மட்டமானதைத் தெரிந்து எடுக்கும் வாய்ப்பு உள்ள இடத்தில்தான் சுதந்திரம் கண்ணுக்குத் தெரிகிறது. உதவாக்கரைப் பாத்திரத்தின் முதல் நியாயம் இது.

இரண்டாவது நியாயத்தை பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவாசிரியரிடமிருந்து பெறலாம். கனடாவில் கற்பித்தவர். 1978இல் வெளிவந்த தம் வெட்டுக்கிளி நூலில், தேவையில்லாத தடைகளைத் தாமாக ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதுதான் விளையாட்டு என்று வரையறுக்கிறார். பந்து குழிக்குள் விழுந்தால் போதும் என்றால் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம்; கோல்ஃப் ஆடுகிறவன் அப்படிச் செய்வதில்லை. ஆகவே எல்லா விளையாட்டும் அடிப்படையில் ஒரு நடைமுறைக்கு ஒவ்வாத ஏற்பாடு. வாளை விட்டு வாணலியை எடுத்தவன் ஆட்டத்துக்கு எதிராக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆட்டத்தின் சுபாவத்தை இன்னும் ஒரு படி நீட்டியிருக்கிறான்.

ஆனால் சூட்ஸ் ஆட்டத்துக்கு உதவாத சிலரையும் பிரித்துச் சொல்கிறார். விதியை மீறி ஜெயிக்கப் பார்ப்பவன் ஏமாற்றுக்காரன். விதியையெல்லாம் அனுசரித்து, ஜெயிப்பதில் மட்டும் அக்கறை காட்டாதவன் வெறும் பொழுதுபோக்கி. நம் வாணலி வீரன் இதில் யார் என்பது அவன் வாணலியை எடுத்ததிலிருந்து தெரியாது. எடுத்த பிறகு எப்படிச் சண்டை போடுகிறான் என்பதிலிருந்துதான் தெரியும். ஒரு கையைத் தானே கட்டிக்கொண்டவன் மற்றக் கையால் முழுமூச்சாகப் போராடினால் அவன் ஆட்டக்காரன். இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்தால் அவனுக்கு மேஜையில் இடம் எதற்கு?

பலவீனத்தைத் தானாக ஏற்பது என்றதும் அதைத் துறவு போல உயர்த்திப் பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். 1981இல் வந்த சாம்பியன்ஸ், 1986இல் வந்த கர்ப்ஸ் போன்ற ஆட்டங்களில் பாத்திரத்தைப் புள்ளிகள் கொடுத்து வாங்கவேண்டும். குறைபாடுகளை ஏற்றால் புள்ளி திரும்பக் கிடைக்கும். கர்ப்ஸ் ஆட்டத்தில் பார்வையின்மைக்கு 50 புள்ளி. ஒற்றைக் கண்ணுக்கு 15. அந்தப் புள்ளிகளைக் கொண்டு வேறு திறமைகளை வாங்கிக்கொள்ளலாம். வரவு செலவு பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இந்த ஏற்பாடு உடனே புரிந்துவிட்டது: இங்கே குறை என்பது அடகு வைத்துக் கடன் வாங்கத்தக்க ஒரு சொத்து. சாமர்த்தியசாலி, தன்னை ஒருபோதும் உறுத்தாத குறையைத் தேடிப் பிடித்து அடகு வைப்பான். பாலைவனத்தில் நடக்கப்போகும் கதைக்கு நீச்சல் தெரியாதவனாக வருவான். பலவீனம் பார்வைக்கு இருக்கிறது. நஷ்டம் யாருக்கும் இல்லை.

இதைவிட யோசிக்க வைப்பது, மூன்றாம் பதிப்பின் துணைநூலாக 2003இல் வந்த ஒரு புத்தகத்திலுள்ள ஏழ்மை விரதம். அதை ஏற்ற பாத்திரம் மந்திரப் பொருள்கள் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது; கொள்ளையில் தன் பங்கை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்கு, பாத்திரம் வளர வளர, படிப்படியாகப் பாதுகாப்பும் வலிமையும் சேர்கின்றன — அட்டவணை போட்டு. துறவுக்கு அட்டவணை! இன்னதை விட்டால் இன்னது வரும் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்ட பிறகு விடுவதற்குப் பண்டமாற்று என்றுதான் பெயர். இதில் ஒரு வேடிக்கை. பொருள்களை வைத்திருப்பவனே பெரும்பாலும் பலசாலி, இந்த விரதம் நஷ்டக் கணக்கு என்பது ஆடிப் பழகியவர்களின் பொதுவான தீர்ப்பு. அப்படியானால் அட்டவணை ஈடுகட்டத் தவறிய அந்த மீதி நஷ்டம்தான் விரதத்தில் விரதமாக இருக்கும் பகுதி. அந்த மீதியைத் தெரிந்து ஏற்பவனிடம் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் நஷ்டம் என்றால் யாருடைய நஷ்டம்? இதுவரை சொன்னவை எல்லாம் தனிமனிதனை வைத்து. இந்த ஆட்டமோ தனியாக ஆடுவது அல்ல. 2014ஆம் வருட விதிகளின்படி நீள்வாளின் அடிக்கு எட்டுமுகப் பகடை, கையில் கிடைத்த வாணலிக்கு நான்குமுகப் பகடை; சராசரி நாலரைக்குப் பதில் இரண்டரை. பலம் 16 உள்ளவனுக்குப் பகடையோடு 3 கூடும்; பலம் 8 உள்ளவனுக்கு 1 குறையும். அதாவது முன்னவனின் அடி விழுகிற இடத்தில் பின்னவனின் அடி இருபது வீச்சுக்கு நான்கு முறை தவறும். அந்த நான்கு முறையும் பகைவன் உயிரோடு நிற்கிறான். நிற்கிறவன் திருப்பி அடிப்பது வாணலிக்காரனை மட்டும் அல்ல. மாதக்கணக்கில் ஒருவன் வளர்த்த பாத்திரம், இன்னொருவனின் வேடிக்கைக்கு விலையாகச் செத்துப்போகலாம். தன் சுதந்திரத்தின் செலவைப் பிறர் கணக்கில் எழுதுகிறவனைச் சுதந்திரன் என்று நான் சொல்லமாட்டேன்.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் பதில்: “நான் என்ன செய்ய, என் பாத்திரம் அப்படி.” சார்த்தர் 1943இல் எழுதிய பெரிய நூலில் ஒரு ஹோட்டல் சிப்பந்தி வருகிறான். தான் சிப்பந்தி என்பது மாற்ற முடியாத ஒரு பொருளின் தன்மை போல நடந்துகொள்கிறான். தேர்கிற பொறுப்பைத் தன்னிடமிருந்தே ஒளித்துக்கொள்கிறான். மேஜையில் வரும் பதில் அதைவிட மோசம். சிப்பந்திக்காவது அந்த வேலையைச் சம்பளம் திணித்தது என்று சொல்ல இடமுண்டு. பாத்திரத்தின் சுபாவத்தை எழுதியதோ நீ. உன் பென்சில், உன் காகிதம். நீயே எழுதிய சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் போலக் கையை விரிப்பது, செய்த தேர்வை மறுபடியும் விதியின் தலையில் போடுவது. 1974இன் பகடைக்கு அந்த உரிமை இருந்தது, உனக்கு இல்லை.

ஆகவே பிறர் சம்மதம் வேண்டும். எல்லோரும் சேர்ந்து தோற்கச் சம்மதித்து உட்காரும் ஆட்டங்கள் உண்டு. 1981இல் ஸாண்டி பீட்டர்ஸன் எழுதிய கால் ஆஃப் கதுல்ஹூவில் ஆடுகிறவர்கள் பேராசிரியர்கள், பத்திரிகை நிருபர்கள் போன்ற சாதாரண மனிதர்கள். எதிரே இருப்பவற்றின் முன் அவர்களுடைய புத்தி பேதலிப்பதே ஆட்டத்தின் போக்கு. அங்கே பலவீனம் பொதுச்சொத்து, உதவாக்கரை என்ற தனி ஜாதி இல்லை. இன்னொரு வழியும் இருக்கிறது. 2008இன் நான்காம் பதிப்பில் வார்லார்ட் என்ற தளபதிப் பாத்திரத்துக்கு, தான் அடிப்பதை விட்டுக்கொடுத்துத் தோழனை அடிக்கவைக்கும் ஒரு ஆணை கிடைத்தது. சிலர் இதைக் கடைசிவரை கொண்டுபோனார்கள்: ஒருதரம்கூட வாளை ஓங்காத தளபதி. சோம்பேறித் தளபதி என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். வேடிக்கையாகத் தோன்றிய அந்தப் பாத்திரம் குழுவுக்கு மிகவும் உபயோகமாகிவிட்டது. தன் சோடையைத் தோழர்களின் வாய்ப்பாக மாற்றத் தெரிந்தவன் அவன்.

ஆனால் இந்த உதாரணத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கடைசியில் அவனும் உபயோகப்பட்டுத்தான் மீட்சி பெற்றான். உபயோகப்படாமலேயே இருக்கிறவனை என்ன செய்வது?

வேறு எதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தில் ஒற்றைக் கையனாக இருந்தவன் இரண்டு கைகளோடு எழுந்து வீட்டுக்குப் போகிறான். பிறப்பாலோ விபத்தாலோ வறுமையாலோ சோடையாக்கப்பட்டவனுக்கு எழுந்து போக வேறு வீடு கிடையாது. தேர்ந்த பலவீனத்தைப் பார்த்துத் தேராத பலவீனத்தின் அனுபவம் கிட்டிவிட்டதாக எண்ணுவது அபத்தம், அதைவிடத் திமிர். உதவாக்கரைப் பாத்திரம் ஆடுகிறவனுக்கு ஏழையைப் பற்றி எதையும் கற்றுத்தராது.

கூட உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அது எதையோ செய்கிறது. சண்டைக்கு ஒருவன், பூட்டுத் திறக்க ஒருவன், காயம் ஆற்ற ஒருவன் என்று கச்சிதமாக அமைந்த குழு, வேலைக்கு ஆள் எடுத்தது போன்றது. ஒருவன் ஏன் இருக்கிறான் என்று எவரும் கேட்கத் தேவையே வராது. அதில் ஒரு உதவாக்கரை வந்து உட்கார்ந்ததும் கேள்வி எழுந்துவிடுகிறது: குகை வாசலில், உணவு குறைவாக இருக்கும்போது, இவனை எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறோம்? கதைக்குள்ளேயே அதற்குப் பதில் கண்டுபிடித்தாக வேண்டும். அவன் தம்பி என்பதற்காக, அவன் பாட்டுக்காக, ஒருமுறை வாக்குக் கொடுத்துவிட்டதற்காக, அல்லது காரணம் எதுவும் அகப்படாமலே. உபயோகத்தைத் தவிர வேறொன்றால் ஒரு மனிதனைத் தங்களுடன் சேர்த்து எண்ண அந்த நாலு பேர் நிர்ப்பந்திக்கப்படுகிறார்கள். எண்களால் கட்டிய ஓர் ஆட்டத்தில், எந்த எண்ணும் சொல்லித்தராத பதிலை அவர்கள் தேட வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியை எழுப்பும் உரிமை அவனுக்கு உண்டு. பதிலை வற்புறுத்தும் உரிமை கிடையாது. ‘இவனால் நாங்கள் சாக முடியாது, வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று அவர்கள் சொன்னால் அதுவும் நியாயமான பதில்தான். வாணலியை வைத்துவிட்டு வேறு பாத்திரத்தோடு அவன் வரவேண்டும். ‘சரி, வா’ என்று சொன்னால், அந்த இரண்டரைப் புள்ளியையும் மிச்சம் வைக்காமல் அவர்களுக்காக அடிக்க வேண்டும்.