ஓரண் நிலமும் வானத்துச் சாட்சியும்

ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட மேய்ச்சல் காடுகளுக்கு ஓரண் என்று பெயர். ஆடுமாடும் ஒட்டகமும் அங்கே மேயலாம். பச்சை மரத்தில் கோடரி படக் கூடாது. வருவாய்ப் பதிவேடுகளில் இவற்றுள் பல, தரிசு என்றே எழுதப்பட்டுக் கிடந்தன. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய புனித வனங்கள் ஒவ்வொன்றையும் களத்திலும் செயற்கைக்கோள் வழியாகவும் வரைபடமாக்கும்படி மாநில வனத்துறைக்கு உத்தரவிட்டது. தெய்வத்துக்குக் கட்டுப்பட்டுக் காத்த நிலத்தை வானத்திலிருந்து பார்க்கும்போது எது தெரியும், எது தெரியாது?

தெரிவது ஒளி. இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. இலைத் திசு அண்மை அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும் இவ்விரு ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால், பசுமையைச் சொல்லும் தாவரக் குறியீடு கிடைக்கும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகிறது. சென்டினல்-2 இன்று 10 மீட்டர் நுணுக்கத்தில் காட்டுகிறது. பாலையில் செடிகளுக்கு இடையே மணல்தான் அதிகம் என்பதால் மணலின் ஒளி கணக்கைக் குழப்பும். அதற்காகவே 1988இல் ஆய்வாளர் ஹூயட் மண்ணுக்கான திருத்தம் சேர்த்த குறியீட்டை உருவாக்கினார். ஒரு நல்ல மழை பெய்தாலும் எண் ஏறிவிடும். ஆகவே ஒரே பருவத்துப் படங்களைப் பல ஆண்டுகளுக்கு, மழையளவோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இத்தனை திருத்தத்துக்குப் பிறகும் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது: பச்சை கூடினால் நிலம் மீண்டதாகுமா? மணலைத் தடுக்கவென்று தாரில் பரப்பப்பட்ட சீமைக் கருவேலம் கோடையிலும் பசுமையாக நிற்கும்; எண்ணும் உயரும். ராமநாதபுரத்துக்காரருக்கு இந்த மரத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆங்காங்கே வன்னி மரங்கள் நிற்கும் சேவண் புல்வெளியோ மழைக்குப் பின் சில மாதங்களே பசுமை காட்டி, வைகாசி வெயிலில் வெறும் மணலைப் போலத் தெரியும். மாட்டுக்கு மேய்ச்சலும் கானமயிலுக்கு வாழ்விடமும் அந்தப் புல்வெளிதான். எது நல்ல நிலம் என்பதை எண்ணால் சொல்ல முடியாது. அது யாருக்காக, எதற்காக என்று கேட்பவர்களால்தான் சொல்ல முடியும்.

ஓரணின் உயிர் ஒரு தவிர்ப்பில் இருக்கிறது. வெட்டாமல் விடுவது படத்தில் பதியும் செயலே அல்ல. அதன் விளைவு மட்டுமே பதியும். கூலிக் காவலில் வளரும் காடும் தெய்வத்துக்கு அஞ்சி வளரும் காடும் குறியீட்டில் ஒன்றாகவே தோன்றலாம். 1730இல் ராஜஸ்தானின் கேஜர்லியில் வன்னி மரங்களை வெட்டவிடாமல் கட்டிக்கொண்டு உயிர்விட்ட 363 பிஷ்னோய் மக்கள், விளைச்சல் கணக்குப் பார்த்து நின்றவர்கள் அல்லர்.

அதற்காகப் படத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. பட்டா இல்லாத மக்களுக்கு, தங்கள் மரங்கள் பல பத்தாண்டுகளாக நிற்கின்றன என்று காட்ட அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. சாட்சியை நீதிபதியாக்கினால்தான் ஆபத்து. அப்போது பச்சை குறைந்த ஓரண் பயனற்ற நிலம் என்று ஆகிவிடும். சூரிய மின் திட்டங்களும் மின்பாதைகளும் நிலம் தேடும் ஜெய்சல்மேரில் இந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. புனித வனத்தை அதன் பரப்பை வைத்து அல்லாமல், அதன் நோக்கத்தையும் பண்பாட்டு, சூழலியல் முக்கியத்துவத்தையும் வைத்தே அடையாளம் காண வேண்டும் என்று அந்த 2024 உத்தரவிலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. காத்துவரும் சமூகங்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமை வழங்கவும் அது வழிகாட்டியது.