வண்ணக் கண்ணாடியும் பிறர் கையும்

கண்ணாடியை எவரும் வெட்டுவதில்லை. வெட்டுகின்றோம் என்பது வழக்கு. உண்மையில் நிகழ்வது வேறு. சிறு சக்கரம் பொருத்திய கருவியை மண்ணெண்ணெயில் தோய்த்து, கண்ணாடியின் முகத்தில் ஒரே ஒரு முறை அழுத்தி ஓட்டுகின்றோம். மயிரிழை போன்ற கீறல் ஒன்று விழுகின்றது. பின்னர் இரு கைகளாலும் பற்றி வளைத்தால், அக்கீறலின் வழியே கண்ணாடி தானே பிளக்கின்றது. அழுத்தம் குறைந்தால் கீறல் பிளவுக்கு வழிகாட்டாது. மிகுந்தால் ஓரம் சிதறும். ஓட்டிய கோட்டின்மேல் மீண்டும் ஓட்டலாகாது. பிளவு வழி தவறுவதோடு சக்கரமும் மழுங்கிப் போகும். எவ்வளவு அழுத்துவது என்பதைச் சொல்லால் உணர்த்த இயலாது. நல்ல கீறலுக்கு ஓர் ஒலி உண்டு, பட்டுத்துணி கிழிவது போல. அவ்வொலி தம் கையில் பிறக்கும்வரை பயில்வோர் காத்திருக்க வேண்டியதுதான்.

மும்பையில் வாழும் நமக்கு இக்கலை புதியதன்று. கொலாபாவில் 1858-ஆம் ஆண்டு திருநிலைப்படுத்தப்பெற்ற ஆப்கன் தேவாலயத்தில், வில்லியம் வேல்ஸ் என்னும் ஆங்கிலக் கலைஞரின் பட்டறையில் உருவான சாளரங்கள் உள்ளன. 1874-இல் கட்டி முடிக்கப்பெற்ற பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபத்தின் வட்டச் சாளரத்தில் பன்னிரண்டு இராசிகளும் வண்ணக் கண்ணாடியில் ஒளிர்கின்றன. நம்முள் பலர் முப்பது, நாற்பது ஆண்டுகள் கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாய் ஓடியவர்கள். தம் இராசி அங்கே இருப்பதை அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்? நாமும் ஓய்வு பெற்ற பின்னரே பார்த்தோம். அதன் பயனாகவே 2022-ஆம் ஆண்டில், தாதர்ப் பகுதியில் மராத்திய ஆசிரியை ஒருவர் தம் வீட்டு மாடியில் நடத்திவந்த வகுப்பிற் சேர்ந்தோம்.

எண்மர் பயின்றோம். முதற்பணி எல்லோருக்கும் ஒன்றே: நேர்கோடுகளால் ஆகிய ஒரு சதுரப் பலகம். அதன்பின் அவரவர் விரும்பும் உரு. கல்லூரி மாணவர் ஒருவர் மூன்றே மாதத்தில் ஒரு மயிலை முடித்து, செப்புநாடா ஒட்டிப் பற்றவைத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டார். வங்கி ஊழியர் ஒருவர் ஒவ்வொரு துண்டையும் இம்மியளவு பெரிதாகவே வெட்டிவந்தார். தனித்தனியே நோக்கினால் ஒன்றிலும் குறை தெரியாது. முப்பது துண்டுகளையும் ஈயப் பட்டைகளுக்கிடையே அடுக்கியபோது படம் சட்டத்தைத் தாண்டி வெளியே நின்றது. ஈயத்தின் நடுத்தண்டுக்கும் இடம் வேண்டும் என்பதை அவர் மறந்துவிட்டார். சிரித்துக்கொண்டே மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். நம்முடைய குத்துவிளக்கு பல மாதங்கள் சுடரின்றியே நின்றது. அதனை விரித்துரைக்க வேண்டா.

நாம் சொல்ல வந்தது கோவாவைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரைப் பற்றியது. அவர் எடுத்துக்கொண்ட உரு ஒரு பாய்மரப் படகு. பாய்கள் எளிதாகவே அமைந்தன. இடர் கடலில் இருந்தது. படகின் அடிப்பகுதியைத் தாங்கும் நீலக் கண்ணாடியின் மேலோரம் ஆழமாக உட்குழிந்து வளைதல் வேண்டும். வெளிவளைவு எளிது; உள்வளைவோ கண்ணாடியின் இயல்புக்கு மாறானது. சிறு சிறு பிறைகளாகக் கீறி, குறட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தல் வேண்டும். பொறுமை இழந்த கணத்தில் கண்ணாடி தன் வழியே பிளந்து போகும். அவருடைய கடல் ஐந்து முறை உடைந்தது. கோபால்ட்டால் நிறமேறிய நல்ல நீலக் கண்ணாடி விலை குறைந்த பொருளன்று.

2023-ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் மாணவர் பணிகளைக் காட்சிக்கு வைப்பதென முடிவாயிற்று. நாள் நெருங்க நெருங்க அவர் முகம் வாடிவந்தது. வளைவு வெட்டுவதில் மட்டும் நமக்குச் சிறிது கை வந்திருந்தது. ஒருநாள் மாலை அனைவரும் தேநீர் அருந்தக் கீழே சென்றிருந்த வேளையில், அவருடைய நீலத்திலேயே அத்துண்டினை வெட்டி, ஓரம் தேய்த்து, படத்தின்மீது பொருத்தி வைத்தோம். மிகச் சரியாகப் பொருந்திற்று. இரக்கத்தினால் செய்தோம் என்றே அன்று எண்ணினோம். கைத்திறனைக் காட்டும் ஆசை ஒரு சிறிதும் அதிற் கலந்ததில்லை என்று இன்று உறுதி கூற இயலவில்லை.

அவர் வந்தார், பார்த்தார், எவர் செய்தது என்று வினவவும் இல்லை. அத்துண்டினை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி, நம் மேசைமீது வைத்துவிட்டுத் தம் இடத்திற்குத் திரும்பினார். காட்சியன்று அவருடைய படகு கடலின்றியே நின்றது. நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பென்சிற் கோடு தெரியும் வெள்ளைத்தாள்.

பிறர் பணியை நம் கையால் முடித்துக் கொடுத்தல் உதவியா, பறிப்பா? அன்றிரவு முழுதும் நம்மை உறங்கவிடாத வினா இது.

நம் தரப்பில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் இல்லை. உலகிற் சிறந்த சாளரம் எதுவும் ஒரு கையால் ஆனதன்று. 12-ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்னும் துறவி இக்கலையை விரிவாக எழுதிவைத்தார்: சுண்ணம் பூசிய பலகையில் படம் வரைவது, காய்ச்சிய இரும்பால் கண்ணாடியைப் பிளப்பது, ஈயத்தால் இணைப்பது ஆகியன அந்நூலில் உள்ளன. பின்வந்த பட்டறைகளில் வரைபவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், ஈயம் கோப்பவர் வேறொருவர். ஆப்கன் தேவாலயச் சாளரத்தில் எத்துண்டு எவர் கையால் வெட்டப்பட்டது என்று எவர் சொல்ல வல்லார்? அங்ஙனமாயின் ஒரு படகின் கடலை மற்றொருவர் வெட்டினால் என்ன குற்றம்?

இவ்வாதத்தின் பிழை நமக்கு விளங்கப் பல நாட்கள் ஆயின. பட்டறையின் நோக்கம் சாளரம். அங்கே தொழிலாளியின் கை கருவி. வகுப்பிலோ நிலை தலைகீழ். அங்கே உருவாக வேண்டியது கை. கண்ணாடிப் படகு அக்கை உருவாவதற்கான கருவி. நாம் கருவியை முடித்துக் கொடுத்து, உருவாக வேண்டியதை நிறுத்திவிட்டோம். பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரட்டீஸ் தம் பணியை மருத்துவச்சியின் தொழிலுக்கு ஒப்பிடுகின்றார். மருத்துவச்சி தாங்கலாம், தேற்றலாம். தாய்க்காகத் தான் பெற்றுத் தர முடியாது. நாற்பது ஆண்டுகள் மருத்துவமனையில் பணிபுரிந்த அம்மையாருக்கு இது நாம் கற்பிக்க வேண்டிய செய்தியன்று.

ஆயினும், நம் வீடுகளில் குழந்தையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பற்றி நெல்லில் 'அ' எழுதுவிக்கின்றோமே, அதுவும் பறிப்பா? அன்று. ஏனெனில் அங்கே கை மேலிருந்தாலும் அசைவு குழந்தையின் விரலிற் பதிகின்றது. ஒரு நாள் அக்கையை எடுத்துவிடுவோம் என்னும் உடன்பாட்டுடனேயே அதனை வைக்கின்றோம். கையை வைப்பதைவிட எடுக்கும் நாளை அறிவதே அரிது. பெற்றோர் பலர் அந்நாளைத் தவறவிடுகின்றனர்.

நம் ஆசிரியை மாணவருடைய கண்ணாடியைத் தொடுவதே இல்லை. ஐயம் கேட்டால், பக்கத்தில் ஒரு கழிவுத் துண்டை வைத்து அதில் வெட்டிக் காட்டுவார். காட்டியதை உடனே குப்பைக் கூடையில் இட்டுவிடுவார். பற்றவைப்பின் புகை முகத்தில் அடிக்கும்போதும், ஈயம் தொட்ட கையோடு எவரேனும் பிஸ்கட்டை எடுக்கும்போதும் மட்டும் பாய்ந்து வந்து கையைப் பிடிப்பார். உடலுக்குக் கேடு நேரும் இடத்தில் தயக்கமில்லை. கண்ணாடிக்குக் கேடு நேரும் இடத்தில் அசைவில்லை. இதில் அவரோடு நமக்கு முழு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாவது துண்டு உடையுமுன் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மௌனமும் ஓரளவைக் கடந்தால் கொடுமையே.

ஏனெனில் வழி ஒன்று இருந்தது. காட்சி முடிந்த இரண்டாம் மாதம் அம்மையார் தம் வரைபடத்தையே மாற்றினார். கடலை ஒரே துண்டாக வைக்காமல், வளைவு மிக ஆழ்ந்த இடத்தில் ஒரு கோடு இறக்கி இரண்டாகப் பகுத்தார். ஒவ்வொன்றிலும் பாதி வளைவே எஞ்சியது. இரண்டும் முதல் முயற்சியிலேயே பிளந்து வந்தன. புதிதாக வந்த ஈயக்கோடு, படகிலிருந்து நீரில் விழுந்த நிழல் போல் அமைந்தது. கைதேர்ந்தோர் ஆழ்ந்த உள்வளைவு வரும் இடங்களில் கையாளும் முறை அதுவே. அதனை அவர் தாமே கண்டடைந்தார். நம்முடைய பழுதற்ற துண்டு அங்கே பொருந்தியிருந்தால் அக்கோடு பிறந்திராது.

இதனை இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் வேறொன்றும் உண்டு. பொங்கல் விழாப் பேச்சுப் போட்டிக்கு நம் பிள்ளைகள் ஒப்பிக்கும் உரைகளை எழுதுவோர் யார் என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும், விளையாட்டில் இந்தியும் பேசும் பிள்ளைகள் மேடையில் மட்டும் அடுக்குமொழித் தமிழ் பொழிகின்றனர். நாமும் நம் பேத்திக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தோம். அவள் பரிசும் பெற்றாள். திரும்பும் வழியில், பேருந்தில், 'அளப்பரிய' என்றால் என்ன பொருள் என்று கேட்டோம். பரிசுக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "தாத்தா, அது நீங்க எழுதினதுதானே?" என்றாள். அம்மையார் செய்தித்தாளில் சுற்றி வைத்த நீலத்துண்டு நம் நினைவுக்கு வந்தது.

இவ்வாண்டு உரையை அவளே எழுதுகின்றாள். பொருள், அவள் பாட்டியின் ஊரில் பெய்த மழை. ஐயம் கேட்கும்போது வேறொரு தாளில் எழுதிக் காட்டுகின்றோம், காட்டியதைக் கிழித்துவிடுகின்றோம். இரு கிழமைகளில் எட்டு வரிகள் ஆகியுள்ளன. மூன்றாம் வரியில் 'மழை' என்பது 'மளை' என்று நிற்கின்றது. சிவப்பு மைப்பேனா நம் சட்டைப் பையிலேயே இருக்கின்றது.