பந்தயமும் பண்பும்

ஒருவர் ஒரு விளையாட்டைத் தம் வாழ்நாள் முழுவதும் நேசிக்கிறார். அந்த நேசம் அவருக்குத் திறமையைத் தரும், புகழையும் தரக்கூடும். ஆனால், அது அவரை நல்லவராக்குமா? விளையாட்டு வேறு, ஒழுக்கம் வேறு என்பாரும் உளர். இவ்வினாவுக்கு விடைகாண, கடலில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்போம்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்திற்குக் கடற்கரையே இல்லை. அம்மாநிலத்து ஏரிகளில் இளமையிலேயே பாய்மரப் படகு செலுத்தப் பழகியவர் லாரன்ஸ் லெமியூ. காற்றின் போக்கறிந்து பாயை இழுத்தும் தளர்த்தியும், சுக்கானைத் திருப்பியும் அலையோடு உறவாடும் அவ்விளையாட்டு அவருடைய வாழ்க்கையோடு ஒன்றிவிட்டது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும், 1988 சோல் ஒலிம்பிக்கிலும் அவர் தம் நாட்டின் சார்பில் கலந்துகொண்டார்.

சோல் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் பூசான் நகரையொட்டிய கடலில் நடைபெற்றன. 1988 செப்டம்பர் 24ஆம் நாள், நாலரை மீட்டர் நீளமுள்ள, ஒருவரே செலுத்தும் 'ஃபின்' வகைப் படகில் லெமியூ இரண்டாம் இடத்தில் விரைந்துகொண்டிருந்தார். காற்று மணிக்கு 35 கடல்மைல் வேகத்தை எட்டியது. அருகில் நடந்த வேறொரு பந்தயத்தில் சிங்கப்பூர் வீரர் இருவரின் படகு கவிழ்ந்திருந்தது. ஒருவர் படகைப் பற்றிக்கொண்டிருந்தார். மற்றவரை நீரோட்டம் இழுத்துச் சென்றது. லெமியூ தம் பாதையை விட்டு விலகினார். இருவரையும் காத்து, கொரியக் கடற்படைப் படகு வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும்வரை உடனிருந்தார். பின்னரே பந்தயத்தைத் தொடர்ந்தார். அதற்குள் பலர் அவரை முந்திச் சென்றுவிட்டனர்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஆபத்திலிருப்போர்க்கு இயன்ற உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பது படகுப் பந்தய விதிநூலின் முதல் விதி. அதனால் இடமிழந்தவருக்கு ஈடு செய்யவும் அந்நூலில் வழியுண்டு. நடுவர் குழுவும் அப்பந்தயத்தில் லெமியூவுக்கு இரண்டாம் இடத்தையே அளித்தது. விதி பணித்தது, அவர் செய்தார், இழந்ததும் திரும்பக் கிடைத்தது. இதில் போற்றுதற்கு என்ன இருக்கிறது?

விதி ஏட்டில் இருப்பது. அலையோ கண்ணெதிரே எழுவது. ஏட்டைப் புரட்டி எண்ணிப் பார்க்க அங்கு நேரமில்லை. 'மீட்புப் படகு வரும். நம் வேலை பந்தயம்' என்று அவர் முகத்தைத் திருப்பியிருக்கலாம். அவ்வாறு செய்யவிடாமல் தடுத்தது எது? நீரோடு நெடுநாள் பழகியவர் அதன் இனிமையை மட்டுமன்று, கொடுமையையும் அறிவார். தாமும் பலமுறை கவிழ்ந்து எழுந்தவரன்றோ! கவிழ்ந்து கிடக்கும் படகு அவர் கண்ணுக்கு அயலாருடையதாகத் தோன்றுவதில்லை. நேசம் அறிவைத் தருகிறது. அவ்வறிவு இரக்கமாகக் கனிகிறது.

எனினும், நேசம் எப்போதும் இவ்வாறு கனிந்துவிடுவதில்லை. 1968ஆம் ஆண்டு, தனியொருவராக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிவரும் பந்தயத்தில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயர் புறப்பட்டார். அவரும் படகோட்டத்தை விரும்பியவரே. ஆனால், பந்தயத்திலிருந்து விலகினால் பொருளிழப்பும் பெரும் தலைகுனிவும் நேரும் என்னும் நிலை. அவர் அட்லாண்டிக் கடலிலேயே தங்கிக்கொண்டு, உலகைச் சுற்றிவருவதாகப் பொய்ச் செய்தி அனுப்பினார். 1969 ஜூலையில் அவருடைய படகு மட்டும் ஆளின்றி மிதக்கக் கண்டனர். நாம் அவரை இகழ வேண்டா, இரங்குவோம். பரிசும் பழியும் நெஞ்சை நிறைத்துவிட்டால், நேசத்திற்கு அங்கு இடமில்லாது போகிறது என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் பாடம்.

லெமியூ இறுதியில் பதினோராம் இடமே பெற்றார். போட்டிப் பதக்கம் கிட்டவில்லை. நற்பண்பிற்கான பியர் டி குபெர்டின் பதக்கத்தை ஒலிம்பிக் குழு அவருக்கு அளித்தது. அதுவும் கிடைக்காமற் போயிருந்தால் அவர் செயலின் மதிப்புக் குறைந்திருக்குமா? குறைந்திராது. கரை சேர்ந்த இரண்டு உயிர்களே அதற்குச் சான்று.

ஆகவே, ஒன்றை வாழ்நாள் முழுவதும் நேசித்தல் நன்று. அதன் பொருட்டே அதை நேசித்தல் அதனினும் நன்று. இது படகுக்கு மட்டுமன்று, கல்விக்கும் பொருந்தும். மதிப்பெண்ணுக்காக மட்டும் தமிழ் கற்கும் மாணவன் தேர்வு முடிந்ததும் நூலை மூடிவிடுவான். தமிழையே நேசித்துக் கற்பவனோ, பக்கத்து மேசையில் தடுமாறும் தோழனைக் கண்டால் தன் நூலைச் சற்றே மூடிவைப்பான்.