பிள்ளை சொல்லும் ‘ஆமாம்’

பி.காம். படித்தவர்களால் மொஹரி பீபி வழக்கை மறக்க முடியாது. மெர்க்கன்டைல் லா பேப்பரில் தவறாமல் வரும். மைனர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு. வீட்டை அடமானம் வைக்கவே பதினெட்டு வயசு ஆகணும். சரி, கடவுளிடம் தன்னை ஒப்படைக்க?

இந்தக் கேள்வியோடு நானூறு வருடத்துக்கும் மேலாக மல்லுக்கட்டி வருகிறார்கள், கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபைக்காரர்கள். அங்கே கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் உண்டு. அன்றைக்குப் பதில் சொல்வது அப்பா அம்மா. பிள்ளை வளர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் எழுந்து நின்று, ‘இது என் நம்பிக்கைதான்’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். நம்ம ஊர் சி.எஸ்.ஐ.யில் பிஷப் தலைமேல் கை வைத்துத் திடப்படுத்தல் கொடுப்பாரே, கிட்டத்தட்ட அது. ஆனால் இங்கே பிஷப் கிடையாது. பிள்ளையை விசாரிப்பவர்கள் சபை மூப்பர்கள்.

பத்து வயதிலேயே இதைச் செய்யலாம் என்பது கால்வினின் விருப்பம். நெதர்லாந்தில் அது பதினெட்டை ஒட்டிப் போய்விட்டது.

அதற்கான பாடப்புத்தகம், 1563-ல் ஜெர்மனியில் வெளியான ஹைடல்பர்க் வினாவிடை. மொத்தம் 129 கேள்விகள். வருடத்தின் 52 ஞாயிறுகளுக்கும் பங்கு பிரித்திருக்கிறார்கள். அதை எழுதியவர்களில் முக்கியமானவரான ஊர்சினுஸுக்கு அப்போது 28 வயதுதான். முதல் கேள்வியே கடவுள் யார் என்பதல்ல. உனக்கு ஆறுதல் எது என்பது. பதிலும் ‘நான்’, ‘என்’ என்றுதான் போகிறது. அழகான யோசனை. ஆனால் மனப்பாடம் பண்ணுகிற பிள்ளை அந்த ‘நான்’-ஐயும் சேர்த்துத்தானே மனப்பாடம் பண்ணுகிறது?

மனப்பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை யாழ்ப்பாணம் பார்த்திருக்கிறது. 1658-ல் அதைப் பிடித்த டச்சுக்காரர்கள் இதே சபையைச் சேர்ந்தவர்கள். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வைத்து வினாவிடை சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையை அனுப்பாவிட்டால் அபராதம். ஞானஸ்நானம் இல்லாவிட்டால் அரசு உத்தியோகம் கிடையாது. ஆயிரக்கணக்கானவர்கள் ‘ஆமாம்’ என்றார்கள். வீட்டுக்குள் விபூதி விபூதியாகவே இருந்தது. 1796-ல் டச்சு ஆட்சி போனது, கட்டாயமும் போனது. ‘ஆமாம்’ சொன்ன கூட்டம் மளமளவென்று கரைந்துவிட்டது.

இப்போது யாரும் அபராதம் போடுவதில்லை. கூடப் படித்த நாலு பேர் எழுந்து நிற்கிறார்கள், பாட்டி புது உடுப்பு வாங்கி வைத்துவிட்டார்... இது அபராதத்தைவிடக் கனம். போதாததற்கு, அறிக்கை செய்யாதவருக்கு நற்கருணை இல்லை என்பது பழைய வழக்கம். அப்பமும் ரசமும் பிள்ளையைத் தாண்டிப் போகும். டச்சு வழி வந்த வட அமெரிக்கச் சபை ஒன்று, கிறிஸ்தவ சீர்திருத்தச் சபை, 2011-ல் அந்தப் பந்தியை ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டது. அப்புறம் யார் அறிக்கை செய்ய வருவார்கள் என்று கேட்கலாம். எனக்கென்னவோ, அப்படியும் வருகிறவனுடைய ‘ஆமாம்’தான் ‘ஆமாம்’ என்று தோன்றுகிறது.

அதற்காக ஒன்றுமே சொல்லித்தராமல் விடு என்பதும் அபத்தம். வளர்ந்து அவனே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று பிள்ளையிடம் தாய்மொழியைப் பேசாமல் யாராவது இருப்போமா? தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். 129 கேள்விக்கும் பதில் தெரிந்த பையன் ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, “இந்த வருஷம் வேண்டாம்ப்பா” என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் முகம் எப்படிப் போகும்? மூப்பர்கள் பையனை விசாரிப்பதற்கு முன்னால், அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு இதை ஒருதரம் கேட்டுவிடலாம்.