இரண்டாவது விமானி எதைப் பார்த்தார்?



நாம் செய்த வேலையை இன்னொருவர் சரிபார்த்தால் நமக்கு முகம் சுருங்குகிறது. "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிடுகிறோம். சரிபார்க்க வேண்டியவரும் அந்தக் கேள்விக்கு அஞ்சியே பேசாமல் இருந்துவிடுகிறார். சரிபார்ப்பது ஒருவரை அவமதிப்பதா? விமானம் ஓட்டுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள்.

1989 செப்டம்பர் 3. பிரேசில் நாட்டின் வரிக் நிறுவனத்தின் 254ஆம் எண் விமானம் 54 பேருடன் மாலையில் மராபா நகரிலிருந்து பெலெம் நகருக்குப் புறப்பட்டது. ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம். மராபாவிலிருந்து பெலெம் ஏறக்குறைய வடக்கே, சற்றுக் கிழக்கே சாய்ந்து இருக்கிறது. விமானிகளின் பயணத் தாளில் திசை 0270 என்று அச்சாகியிருந்தது. கடைசிப் பூஜ்யம் தசம எண், 27.0 பாகை என்று வாசிக்க வேண்டும். ஆனால் புள்ளி இல்லை. விமானத்தில் இருந்த கருவியிலோ மூன்று இலக்கங்களுக்குத்தான் இடம். கேப்டன் அதை 270 என்று வாசித்து, அப்படியே வைத்தார். 270 என்றால் நேர் மேற்கு. அந்தப் பக்கம் அமேசான் காடு.

இதுவரை நடந்தது மனிதத் தவறு. அப்படி ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. இத்தகைய தவறைப் பிடிப்பதற்காகத்தான் பக்கத்து இருக்கையில் துணை விமானி என்று ஒருவர் இருக்கிறார், அவருக்குத் தனியாக ஒரு கருவியும் இருக்கிறது. அவர் விமானத்தை வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அமர்ந்தார். தாளை எடுத்து வாசிக்கவில்லை. கேப்டனின் கருவியைப் பார்த்தார். அதிலிருந்த எண்ணையே தன் கருவியிலும் வைத்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. சோம்பேறி என்றும் சொல்லிவிட முடியாது. அனுபவமுள்ள பெரியவர் வைத்த எண், சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருப்பார். ஆனால் விளைவைப் பாருங்கள். இரண்டு கருவிகளும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. பார்ப்பவருக்கு இரண்டு பேர் சாட்சி சொல்வது போல் இருக்கிறது. உண்மையில் சாட்சி ஒன்றுதான், மற்றது அதன் நிழல். இரண்டாவது ஆளே இல்லாதிருந்தால் கேப்டன் ஒருவேளை தாளை இன்னொரு முறை எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்காமல் தரப்பட்ட சம்மதம் அந்த வாய்ப்பையும் பறித்துவிட்டது.

சூரியன் மறையும் நேரம் அது. வடக்கே போகும் விமானத்துக்குச் சூரியன் இடப்பக்கம் இருக்க வேண்டும். அவர்களுக்கோ நேர் முன்னால் இருந்தது. மஃரிபுக்கு வானத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். ஆனால் மனம் ஒன்றை முடிவு செய்துவிட்டால் கண் அதற்குப் பின்னால்தான் போகிறது. நகரம் வர வேண்டிய நேரத்தில் நகரம் வரவில்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் பறந்து, எரிபொருள் தீர்ந்து, இருட்டில் காட்டு மரங்களின் மேல் இறங்கினார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் சிலர் காட்டுக்குள் நடந்துபோய் ஆட்களைக் கண்டுபிடித்த பிறகுதான் விமானம் விழுந்த இடமே வெளியே தெரிந்தது.

இங்கே துல்யதைன் (ரலி) அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். அந்த ஜமாஅத்தில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் இருந்தார்கள். மரியாதையின் காரணமாக அவர்களுக்குப் பேச வாய் வரவில்லை. துல்யதைன் கேட்டார்கள்: தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்தீர்களா? நபியவர்கள் இரண்டும் இல்லை என்றார்கள். ஆனால் அத்தோடு விடவில்லை. மற்றவர்களைப் பார்த்து, இவர் சொல்வது சரியா என்று கேட்டார்கள். ஆம் என்று அவர்கள் சொன்னதும், விடுபட்டதைத் தொழுது முடித்து ஸஜ்தா ஸஹ்வு செய்தார்கள்.

துல்யதைன் தாமே எண்ணியிருந்தார்கள். அதனால்தான் அவர்களால் கேட்க முடிந்தது. ஆம் என்றவர்களும் அவரவர் எண்ணிக்கையிலிருந்தே சொன்னார்கள். யாரும் இதை மரியாதைக் குறைவாகக் கருதவில்லை.

தவறான எண்ணம் கொள்ளாதீர்கள் என்று சொல்லும் அதே மார்க்கம்தான், கடன் கொடுத்தால் எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்றும் சொல்கிறது. இரண்டும் மோதவில்லை. சந்தேகம் மனிதரின் உள்ளத்தைப் பற்றியது. சரிபார்ப்பு தாளில் உள்ள எண்ணைப் பற்றியது. இன்று விமானிகள் அறையில் ஒருவர் எண்ணைப் பதிக்கிறார், மற்றவர் மூலத் தாளிலிருந்து தாமே வாசித்து ஒப்பிடுகிறார். கேப்டன் முப்பது வருட அனுபவசாலியாக இருந்தாலும் இதுதான் நடைமுறை. இதற்குக் கோபப்படும் கேப்டனைத்தான் அந்தத் தொழிலில் ஆபத்தானவராகப் பார்க்கிறார்கள்.

நம் ஊர்களில் பள்ளிவாசல் கணக்குக் காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் செயலாளர் வெளியூர் போகும்போது, தொகை எழுதாத பத்துக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறாரே, அவர் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்?