புதைக்கப்பட்ட தாலந்து

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த கூட்டேரிப்பட்டில் நாள்தோறும் இளைஞர் பலர் பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். கல்லூரிக்குச் செல்வோர், வேலை தேடுவோர், அரசுப் பணித் தேர்வு எழுதுவோர் எனப் பலர். அங்கு வராமல் வீட்டிலேயே தங்கிவிடும் இளைஞரும் உண்டு. தோற்றுவிட்டால் ஊரார் என்ன நினைப்பர், கடன் வாங்கிப் படிக்கவைத்த பெற்றோர் முகத்தில் எப்படி விழிப்பது என்னும் அச்சம் அவர்களைத் தடுக்கிறது. 'தன்னம்பிக்கை கொள்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எதை நம்பித் தன்னை நம்புவது என்று மட்டும் சொல்வதில்லை.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமை இதற்கு விடை தருகிறது. தலைவர் ஒருவர் தம் பணியாளர் மூவரிடம் 5, 2, 1 எனத் தாலந்துகளை ஒப்படைத்துச் செல்கிறார். ஒரு தாலந்து என்பது அக்காலக் கூலியாள் ஒருவரின் ஏறத்தாழ 20 ஆண்டு ஊதியம். ஆகவே, குறைவாகப் பெற்றவரும் பெருஞ்செல்வமே பெற்றார். ஆயினும் அவர் அஞ்சி, அதை மண்ணில் புதைத்தார். ஒரு காசும் இழக்காத அவரே கடிந்துகொள்ளப்பட்டார்!

இங்கு நாம் காணவேண்டியது ஒன்றுண்டு. பணியாளர் எதையும் சாதிக்குமுன்னரே தலைவர் அவர்களை நம்பினார். நாமும் வென்றதால் நம்பப்பட்டவர்கள் அல்லோம், முதலிலேயே நம்பப்பட்டவர்கள். இறைவன் நம்மீது வைத்த நம்பிக்கைக்கு நாம் தரும் மறுமொழியே கிறிஸ்தவனின் தன்னம்பிக்கை.

அப்படியானால், நம்புவோர்க்குத் தோல்வி வராதா? வரும். செஞ்சி நாட்டிலும் பணியாற்றிய புனித அருளானந்தர், 1686இல் மறவர் நாட்டில் சிறைப்பட்டு வதைக்கப்பட்டார். பின்னர் ஐரோப்பா சென்ற அவரைப் போர்ச்சுக்கல் அரசர் அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவரோ 1690இல் இம்மண்ணுக்கே திரும்பினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். வெற்றி உறுதி என்று எண்ணித் திரும்பியவர் அல்லர் அவர். ஒப்படைக்கப்பட்ட பணி எஞ்சியிருந்தது; அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது.

மானாவாரி நிலத்தில் மணிலா விதைக்கும் நம் வட்டார உழவரும் இதை அறிவர். மழை வரும் என்று எவரும் அவருக்கு எழுதித் தருவதில்லை. சென்ற ஆண்டு பொய்த்ததற்காக அவர் விதையைப் பானைக்குள்ளேயே பூட்டி வைப்பதுமில்லை.

ஆகவே, அச்சம் எழுவது குற்றமன்று. அச்சத்திற்கு அஞ்சித் தாலந்தைப் புதைப்பதே இழப்பு. இது இளைஞர்க்கு மட்டும் உரிய பாடமன்று. தேர்வில் தவறிய பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இகழும்போதும், உறவினர் கூடுமிடத்தில் அவனை மறைக்க முயலும்போதும், தாலந்தைப் புதைக்கக் குழி தோண்டித் தருபவர்கள் நாமே. தோற்றுத் திரும்பும் பிள்ளைக்கு நம் இல்லத்தில் முதலில் கிடைக்கவேண்டியது கேள்வி அன்று, சோறு. இன்னும் நம்பப்படுகிறோம் என்பதை அவன் அங்கே உணர்ந்தால், மறுநாள் பேருந்துக்குத் தானே புறப்படுவான்.